மென்பொருளுக்கு விலை கொடுப்பவர் யார்?
தனியாள் கை, கம்பெனி கை: கடைக்காரர்களுக்கு ஒரு பாடம்

வியாபாரத்தில் இரண்டு விதமான வாடிக்கையாளர்களை நாம் நன்றாக அறிவோம். ஒருவர் வீட்டுக்கு வாங்குபவர். மிளகு நூறு கிராம் கேட்பார். இரண்டு கடையில் விலை விசாரிப்பார். ஐந்து ரூபாய் குறைத்தால் மனம் மகிழ்வார். மற்றவர் ஓட்டலுக்கு வாங்குபவர். ஐந்து கிலோ கேட்பார். அவரும் விலை பேசுவார். ஆனால் முதலில் கேட்பது, வாரா வாரம் தவறாமல் வருமா, ஒரே தரமாக இருக்குமா, பில் கிடைக்குமா என்பதைத்தான். இருவருக்கும் நாம் கொடுப்பது சேர்வராயன் மலையில் விளைந்த அதே மிளகு. ஆயினும் வீட்டுக்காரர் வாங்குவது ருசி; ஓட்டல்காரர் வாங்குவது நாளைக்கு அடுப்பு நிற்காது என்ற உறுதி.

கணிப்பொறியிலும் கைப்பேசியிலும் ஓடும் மென்பொருளை விற்பவர்களும் இந்த இரண்டு வாடிக்கையாளர்களைத்தான் பார்க்கிறார்கள். தனியாள் பணம் கொடுக்கத் தயங்குகிறார், கம்பெனி கொடுக்கிறது. இது ஏன்? இந்த இருவருக்கும் நடுவே நிற்கும் மளிகைக் கடைக்காரர் எந்தக் கையால் பணம் எடுக்க வேண்டும்? இந்தப் பாடத்தில் இதைப் பார்ப்போம். ஏற்காடு, வாழவந்தி போன்ற மலையூர்க் கடைகளுக்கும் இன்று பில் போடும் செயலி, கடன் எழுதும் செயலி என்று யாராவது ஒருவர் விற்க வந்துகொண்டேதான் இருக்கிறார். அவரிடம் "வேண்டாம்" என்று சொல்வதானாலும் "வேண்டும்" என்று சொல்வதானாலும் காரணம் தெரிந்து சொல்வது நல்லது.

மென்பொருள் என்னும் சரக்கு

முதலில் சரக்கின் தன்மையைப் புரிந்துகொள்வோம். நமது கிடங்கில் உள்ள அரிசி மூட்டையை ஒருவருக்குக் கொடுத்தால் நமக்கு ஒரு மூட்டை குறைகிறது. மென்பொருள் அப்படிக் குறைவதில்லை. ஒரு பிரதியைச் செய்து முடித்தபின் பத்தாயிரம் பிரதி எடுக்க ஏறக்குறையச் செலவே இல்லை. ஆகவே வாங்குபவர், "எனக்குச் சும்மா கொடுத்தால் அவருக்கு என்ன குறைந்துவிடும்?" என்று நினைக்கிறார். கையில் எடை தெரியாத, கண்ணில் குவியல் தெரியாத பொருளுக்கு விலை கொடுக்க மனம் வருவதில்லை.

ஆனால் முதல் பிரதியைச் செய்வதற்குப் பல பேருடைய பல வருடச் சம்பளம் ஆகிறது. அதோடும் முடிவதில்லை. 2025 செப்டம்பர் 22 அன்று ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறியதை நாம் மறந்திருக்க மாட்டோம். நெய் 12 சதவீதத்திலிருந்து 5-க்கு வந்தது. சோப்பும் பிஸ்கட்டும் 18-லிருந்து 5-க்கு வந்தன. முதல் நாள் இரவு வரை ஒரு வரி, மறுநாள் காலையில் வேறு வரி. நாடு முழுவதும் பில் போடும் மென்பொருள் அத்தனையும் அந்தத் தேதிக்குத் தயாராக வேண்டியிருந்தது. இந்த வேலையை யாரோ உட்கார்ந்து செய்கிறார்கள். அவர்களுக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் இந்தப் பாடத்தின் வேர்.

இரண்டு பழைய உதாரணங்கள்

இந்தத் தயக்கம் நமது நாட்டுக்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம். 1976-ஆம் ஆண்டு பிப்ரவரியில், மைக்ரோசாப்ட் நிறுவனத்தைத் தொடங்கியிருந்த பில் கேட்ஸ், அமெரிக்காவில் பொழுதுபோக்காகக் கணிப்பொறி வைத்திருந்தவர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். ஆல்டேர் என்ற சிறு கணிப்பொறிக்காக அவர்கள் எழுதிய பேசிக் என்னும் மென்பொருளைப் பலரும் பயன்படுத்தினார்கள்; ஆனால் ஆல்டேர் வைத்திருந்தவர்களில் பத்தில் ஒருவர்கூட விலை கொடுத்து வாங்கவில்லை என்பது அவரது புகார். இயந்திரத்துக்குப் பணம் கொடுக்கிறீர்கள், மென்பொருளை மட்டும் ஏன் நகலெடுத்துக்கொள்கிறீர்கள் என்று கேட்டார். பணக்கார நாட்டிலும் தனியாளின் கை அப்படித்தான் இருந்தது.

அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து, 1979-இல், டான் பிரிக்ளின், பாப் பிராங்ஸ்டன் என்ற இருவர் விசிகால்க் என்ற கணக்குப் பலகையை வெளியிட்டார்கள். இன்று நாம் எக்செல் என்று சொல்லும் கட்டம் போட்ட கணக்குத் தாளுக்கு அதுதான் முன்னோடி. ஒரு எண்ணை மாற்றினால் அதைச் சார்ந்த எண்கள் எல்லாம் தாமாக மாறும். வியாபாரிகளும் கணக்காளர்களும் அதை வாங்கினார்கள். வாங்கியது மட்டுமல்ல, அந்த மென்பொருளை ஓட்டுவதற்காகவே, அதைப்போலப் பல மடங்கு விலையுள்ள ஆப்பிள் கணிப்பொறியையும் சேர்த்து வாங்கினார்கள். ஒரு நாள் முழுக்கப் போட்ட கணக்கு சில நிமிடத்தில் முடிந்தால் அது எத்தனை ரூபாய் என்று தொழில் செய்பவருக்குத் தெரியும்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆசைக்கு வாங்குபவர் தயங்கினார். பிழைப்புக்கு வாங்குபவர் கொடுத்தார்.

பெங்களூரில் ஒரு வியாபாரி

நமது நாட்டிலேயே இதற்கு நல்ல சான்று உண்டு. டாலி என்ற பெயரைக் கேள்விப்படாத கடைக்காரர் இருக்க முடியாது. அதைத் தொடங்கி வைத்தவர் ஒரு வியாபாரி. பெங்களூரில் ஆலைகளுக்கு மூலப்பொருளும் இயந்திர உதிரிகளும் சப்ளை செய்துவந்த ஷியாம் சுந்தர் கோயங்கா, தமது கணக்கு வழக்குக்குப் பொருத்தமான மென்பொருள் கிடைக்காததால், தமது மகன் பரத் கோயங்காவை ஒன்று எழுதச் சொன்னார். 1986-இல் பியூட்ரானிக்ஸ் என்ற பெயரில் நிறுவனம் தொடங்கியது. பிறகு அந்த மென்பொருளே டாலி என்று பெயர் பெற்று, பேரேடு, ஐந்தொகை தெரிந்த கணக்குப்பிள்ளை எவரும் ஓட்டக்கூடியதாக வளர்ந்தது. பரத் கோயங்காவுக்கு 2020-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. டாலியின் கள்ளப் பிரதிகள் ஊரெங்கும் உலவிய காலம் உண்டு. ஆனாலும் நிறுவனம் நிலைத்தது. காரணம், பில் போட ஆள், சரக்கு இறக்க ஆள், வசூலுக்கு ஆள் என்று பலர் வேலை செய்யும் நிறுவனங்கள் பணம் கொடுத்து வாங்கின. விலையையும் அதற்கேற்ப வைத்தார்கள். ஒரே கணிப்பொறியில் ஒருவர் பயன்படுத்த ஒரு விலை. பலர் சேர்ந்து பயன்படுத்த அதைவிடப் பல மடங்கு விலை. உள்ளே இருக்கும் கணக்கு முறை ஒன்றுதான். வாங்குபவரின் தேவையின் அளவுதான் வேறு.

தமிழ் எழுத்திலும் இதே பாடம் உண்டு. மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் 1985 முதல் முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளை வளர்த்தார். கைப்பேசியில் தமிழ் தட்டச்சு செய்ய அவர் உருவாக்கிய செல்லினம் செயலி மக்களுக்கு இலவசமாகக் கிடைத்தது. அவர் வடிவமைத்த இணைமதி எழுத்துருவை ஆப்பிள் நிறுவனம் உரிமம் பெற்றுத் தனது கணிப்பொறிகளில் சேர்த்தது. மக்கள் பலர் சும்மா எழுதுகிறார்கள். சில நிறுவனங்கள் விலை கொடுக்கின்றன. மென்பொருள் உலகில் இது வழக்கமான ஏற்பாடு.

கம்பெனி ஏன் கொடுக்கிறது?

கம்பெனிக்காரர் தாராள மனம் படைத்தவர் என்பதல்ல காரணம். அவர் நம்மைவிடக் கறாராக விலை பேசுவார். அவர் கொடுப்பதற்கு ஐந்து காரணங்கள் உண்டு.

1. சொந்தச் சட்டைப்பை அல்ல. தனியாள் கொடுக்கும் ஆயிரம் ரூபாய் வீட்டு அரிசிப் பணத்திலிருந்து போகிறது. கம்பெனியில் கேட்பவர் கணக்காளர், கையெழுத்திடுபவர் மேலாளர், பணம் போவது நிறுவனத்தின் வங்கிக் கணக்கிலிருந்து.

2. வரி. இதை ஒரு கணக்காகவே பார்ப்போம். ஒரு மென்பொருள் 20,000 ரூபாய். 18 சதவீத ஜி.எஸ்.டி. 3,600 ரூபாய், மொத்தம் 23,600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வீட்டு உபயோகத்துக்கு வாங்கும் தனியாளுக்கு முழுச் செலவும் 23,600. வழக்கமான முறையில் ஜி.எஸ்.டி. பதிவு செய்தவர் 3,600 ரூபாயை உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ளலாம். மீதி 20,000 ரூபாய் தொழில் செலவாகவோ தேய்மானமாகவோ லாபத்தில் கழிகிறது. 25 சதவீத வரி கட்டும் நிறுவனத்துக்கு அதில் காலப்போக்கில் 5,000 ரூபாய் வரி மிச்சம். ஆக ஒரே பொருள் தனியாளுக்கு 23,600; கம்பெனிக்கு 15,000. காம்பவுண்டிங் என்று நாம் சொல்லும் இணக்க முறையில் இருப்பவருக்கு உள்ளீட்டு வரி வரவு கிடையாது என்பதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும்.

3. சட்டத்தின் கட்டாயம். ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டியவர்கள் 2023 ஆகஸ்ட் 1 முதல் மற்ற வியாபாரிகளுக்குப் போடும் பில்லை மின்-விலைப்பட்டியலாகப் பதிவு செய்தாக வேண்டும். கம்பெனிகள் சட்டத்தின் கீழ் பதிவான நிறுவனங்கள், கணக்கில் யார் எப்போது எதைத் திருத்தினார் என்ற தடயம் அழியாத மென்பொருளையே 2023 ஏப்ரல் 1 முதல் பயன்படுத்த வேண்டும். தனியுடைமைக் கடைக்கும் சாதாரணக் கூட்டு வியாபாரத்துக்கும் இந்த இரண்டாவது விதி இல்லை.

4. தண்டனை. காப்புரிமைச் சட்டம் 1957-இன் 63-பி பிரிவு, கள்ளப் பிரதி என்று தெரிந்தே மென்பொருளைப் பயன்படுத்துபவருக்கு ஏழு நாள் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் சொல்கிறது. லாபத்துக்காகவோ தொழிலிலோ பயன்படுத்தப்படவில்லை என்றால், தகுந்த காரணம் காட்டி, சிறை இல்லாமல் அபராதத்தோடு விட நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. சட்டமே வீட்டுக்காரரையும் தொழில்காரரையும் வேறாகப் பார்க்கிறது. கடையில் வைத்துப் பில் போடுபவர் எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டியதில்லை.

5. நின்றால் வரும் நஷ்டம். நமது மலையில் உள்ள பெரிய எஸ்டேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நூறு பேருக்கு ஆள்வரவு, கூலி, பி.எஃப். பிடித்தம் எல்லாம் தவறாமல் எழுதியாக வேண்டும். எழுத்தர் விலகினாலும் கணக்கு நிற்கக் கூடாது. அவர் மென்பொருளுக்குப் பணம் கொடுக்கிறார். பக்கத்திலேயே இரண்டு ஏக்கர் காப்பி, மிளகு வைத்திருப்பவர் ஒரு டைரியில் எழுதிக்கொள்கிறார். அவரது கணக்கு அவரது தலையிலேயே இருக்கிறது. இருவரும் செய்வது சரி. கணக்கு எப்போது ஒரு தலைக்குள் அடங்காமல் போகிறதோ அப்போதுதான் மென்பொருளுக்கு மதிப்பு வருகிறது.

கடைக்காரர் எந்தக் கை?

இப்போது நம்மிடம் வருவோம். மளிகைக் கடைக்காரர் கம்பெனியும் அல்ல, வெறும் தனியாளும் அல்ல. கடையின் கல்லாவும் வீட்டின் சட்டைப்பையும் பல கடைகளில் ஒன்றே. ஆகவே தொழிலுக்கான பொருளையும் வீட்டுக்காரர் மனத்தோடு வாங்குகிறோம். "சின்னக் கடைக்காரன் மென்பொருளுக்குக் காசு கொடுக்க மாட்டான்" என்று பேசுபவர்களும் உண்டு. அது முழு உண்மை அல்ல. நமது கண் முன்னே நடந்த இரண்டு விஷயங்களை ஒப்பிட்டால் விளங்கும்.

முதலாவது கடன் நோட்டுச் செயலிகள். பெங்களூரிலிருந்து 2017-ஐ ஒட்டி ஓகேகிரெடிட், அடுத்து காத்தாபுக் என்ற செயலிகள் வந்தன. யாருக்கு எவ்வளவு பற்று, எவ்வளவு வரவு என்று கைப்பேசியில் எழுதலாம், வாடிக்கையாளருக்குக் குறுஞ்செய்தி போகும், தமிழிலும் உண்டு, விலை இல்லை. லட்சக்கணக்கான கடைக்காரர்கள் இறக்கிக்கொண்டார்கள். முதலீட்டாளர்களும் ஏராளமாகப் பணம் போட்டார்கள். ஆனால் நோட்டுக்கு யாரும் பணம் கொடுத்துப் பழகவில்லை. வருமானத்துக்காகக் கடன் வழங்குதல் முதலிய பக்கங்களுக்கு அவை போக நேர்ந்தது. 2021-இல் காத்தாபுக் நிறுவனம் பிஸ் அனலிஸ்ட் என்ற இன்னொரு செயலியை விலைக்கு வாங்கியது. அது டாலி வைத்திருக்கும் நிறுவனங்கள் சந்தா கட்டிப் பயன்படுத்தும் செயலி. இலவச நோட்டு வைத்திருந்தவர், பணம் கொடுத்துப் பழகியவர்கள் இருக்கும் தெருவுக்குக் கடையை விரித்தார்.

இரண்டாவது, பணம் வந்ததும் பேசும் பெட்டி. யு.பி.ஐ. முறையைத் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் 2016 ஏப்ரலில் தொடங்கியது. 2020 ஜனவரி 1 முதல் யு.பி.ஐ. மூலம் வரும் பணத்துக்குக் கடைக்காரரிடம் கமிஷன் பிடிக்கக் கூடாது என்று ஆயிற்று. கமிஷன் இல்லாத தொழிலில் வருமானம் தேடிய நிறுவனங்களுக்குக் கைகொடுத்தது இந்தப் பெட்டி. பேடிஎம் முதலில் பரப்பியது. போன்பே முதலியவர்களும் தொடர்ந்தார்கள். மாதம் நூறு ரூபாயை ஒட்டிய வாடகை. டீக்கடை முதல் தள்ளுவண்டி வரை அதைக் கட்டினார்கள். செயலிக்கு ஒரு ரூபாய் கொடுக்காத அதே மனிதர், பெட்டிக்கு ஆண்டுக்கு 1,200 ரூபாய் கொடுத்தார்.

ஏன்? கை இரண்டும் தராசில் இருக்கும் நேரத்தில் கைப்பேசியை எடுத்துப் பார்க்க முடியாது. பழைய படத்தைக் காட்டிப் பணம் போட்டுவிட்டேன் என்று ஏமாற்றுபவர் இருக்கிறார். பெட்டி சத்தமாகத் தொகையைச் சொன்னதும் அந்தக் கவலை தீர்ந்தது. பயன் காதில் விழுந்தது; கை பணம் எடுத்தது.

இதிலிருந்து நாம் பெற வேண்டிய பாடம் இதுவே: சிறு வியாபாரி பணம் கொடுக்காதவர் அல்லர், பயன் தெரியாததற்குக் கொடுக்காதவர். ஆனால் காதில் விழாத பயனும் உண்டு. கணக்கு அழியாமல் இருப்பது சத்தம் போடாது. அழிந்த அன்றுதான் அதன் விலை தெரியும்.

மலையடிவாரத்தில் ஒரு மொத்தக் கடைக்கு அப்படி நடந்தது. பெயர் வேண்டாம். யாரோ குறைந்த தொகைக்கு ஏற்றிக்கொடுத்த கள்ளப் பிரதியில் பல வருடக் கணக்கு இருந்தது. மார்ச் முடிவுக்குச் சில நாள் முன்பு கணிப்பொறி படுத்துவிட்டது. ஏற்றிக்கொடுத்தவர் தொலைபேசியை எடுக்கவில்லை. மாற்றுப் பிரதி எடுத்து வைக்கவில்லை. கடைசியில் அந்தப் பெரியவர், சில்லறைக் கடைகளுக்கு ஒவ்வொன்றாகப் போய், "நீங்கள் எனக்கு எவ்வளவு தர வேண்டும்?" என்று கடன் வாங்கியவர்களிடமே கேட்க வேண்டியதாயிற்று. யோக்கியமாகச் சொன்னவர்கள் அதிகம். எல்லோரும் சொன்னார்கள் என்று சொல்ல முடியாது.

இலவசத்தின் பல்லைப் பார்ப்போம்

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பது பழமொழி. வியாபாரி பார்க்கத்தான் வேண்டும். இலவச மென்பொருளில் ஐந்து சாதி உண்டு. ஒவ்வொன்றிலும் செலவை யாரோ ஒருவர் ஏற்கிறார்.

ஒன்று, அரசு ஏற்பது. ஜி.எஸ்.டி. வலைத்தளத்தில் கணக்குத் தாக்கல் செய்யக் கட்டணமில்லை. விற்றுமுதல் ஒன்றரைக் கோடி ரூபாய்க்குள் உள்ள சிறு வியாபாரிகளுக்குக் கணக்கு, பில் போடும் மென்பொருளைக் கட்டணமின்றிக் கொடுக்கவும் ஜி.எஸ்.டி. வலையமைப்பு ஏற்பாடு செய்தது.

இரண்டு, பெரிய வாடிக்கையாளர் ஏற்பது. 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி, இன்று சென்னையிலும் தென்காசியிலும் பெரிய அளவில் நடக்கும் ஸோஹோ நிறுவனம், பில் போடும் தனது ஸோஹோ இன்வாய்ஸ் மென்பொருளை 2021-இல் முழு இலவசமாக்கியது. அந்நிறுவனத்தின் மற்ற மென்பொருள்களுக்குக் கம்பெனிகள் கட்டும் சந்தா இதைத் தாங்குகிறது. நீங்கள் வளர்ந்தால் உங்களுக்கும் பெரியதை விற்கலாம் என்பது கணக்கு. இதில் ஒளிவுமறைவு இல்லை.

மூன்று, பலர் சேர்ந்து பொதுவாகச் செய்வது. லிப்ரே ஆபீஸ் என்ற தொகுப்பில் எக்செல் போன்ற கணக்குத் தாள் உண்டு, தமிழிலும் உண்டு. கடைக்குப் பயன்படுத்தினாலும் சட்டப்படி குற்றமில்லை. கற்றுக்கொள்ளும் உழைப்பு மட்டும் நம்முடையது.

நான்கு, உங்கள் கணக்கே முதலாக இருப்பது. யாருக்கு என்ன விற்கிறீர்கள், எவ்வளவு கடன் நிற்கிறது என்பதை அறிந்து, அதைக் கொண்டு கடன் விற்கவோ விளம்பரம் செய்யவோ நினைப்பவர். இது தவறு என்று சொல்லவில்லை. தெரிந்து கொடுக்க வேண்டும் என்கிறோம்.

ஐந்து, கள்ளப் பிரதி. இதற்கு இலவசம் என்ற பெயர் தகாது. நமது கடையில் ஒருவர் எடை போடாமல் எடுத்துக்கொண்டு போவதும் இதுவும் ஒன்றே. வரி விகிதம் மாறும் நாளில் இதற்குப் புதுப்பிப்பு வருவது நிச்சயமில்லை. பிரதியோடு ஒட்டிக்கொண்டு வைரஸ் வருவது அதிசயமில்லை.

கணக்குப் போடும் முறை

ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும். ஒரு உதாரணம் எடுப்போம். மலையூரில் ஒரு மளிகைக் கடை. தோட்ட வேலைக்குப் போகும் குடும்பங்கள் வாரக் கூலி வந்ததும் கொடுத்துத் தீர்ப்பார்கள். அப்படி அறுபது குடும்பம் கடன் நோட்டில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மென்பொருள் ஆண்டுக்கு 1,500 ரூபாய். மாதத்துக்கு 125 ரூபாய்.

அவசரத்தில் எழுத விட்டுப்போன பற்று மாதத்துக்கு எவ்வளவு இருக்கும்? ஒரு கிலோ துவரம்பருப்பு ஒரு தடவை விட்டுப்போனாலே மாதச் சந்தாவை ஒட்டி வந்துவிடுகிறது. அதோடு, எழுதியதை வாடிக்கையாளருக்கும் காட்ட முடிந்தால் "நான் வாங்கவில்லையே" என்ற சச்சரவும் குறைகிறது. இப்படிப் பார்த்தால் கொடுக்கலாம்.

மறுபக்கமும் பார்க்க வேண்டும். பத்துக் குடும்பம்தான் கடன் வாங்குகிறது, எழுதுபவர் ஒருவர்தான், விட்டுப்போவது இல்லை என்றால் ஐம்பது ரூபாய் நோட்டே போதும். யாரோ வாங்கினார் என்பதற்காக வாங்க வேண்டாம். மேலும் நமது மலையில் சிக்னல் கிடைக்காத வளைவுகள் உண்டு. மழையில் மின்சாரம் போவதும் உண்டு. இணையம் இல்லாமல் ஓடாத மென்பொருள் எத்தனை நல்லதானாலும் நமக்கு உதவாது.

மொத்த வியாபாரியின் கணக்கு வேறு. சேலம் லீ பஜாரில் கொள்முதல் செய்து, மலைக் கடைகளுக்குத் தவணையில் கொடுப்பவருக்கு, சரக்கைவிடப் பெரிய சொத்து வர வேண்டிய பாக்கிதான். பத்து லட்சம் ரூபாய் பாக்கி நிற்கும் பேரேட்டைக் காக்க ஆண்டுக்குப் பத்தாயிரம் செலவு என்றால் அது நூற்றுக்கு ஒரு ரூபாய். கிடங்குக்குப் பூட்டு வாங்குகையில் நாம் யோசிப்பதில்லை. பேரேட்டுக்கும் பூட்டு வேண்டும்.

பணம் கொடுக்குமுன் கேட்க வேண்டியவை

1. ஒரே தடவை விலையா, ஆண்டுச் சந்தாவா? சந்தா நின்றால் பழைய கணக்கைத் திறந்து பார்க்க முடியுமா?

2. கணக்கு முழுவதையும் எக்செல் போன்ற பொது வடிவில் எடுத்துக்கொள்ள முடியுமா? முடியாது என்றால், எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். வெளியே வர வழி இல்லாத கிடங்கில் சரக்கு இறக்கலாகாது.

3. இணையம் இல்லாதபோது ஓடுமா?

4. வரி விகிதம் மாறினால் புதுப்பிப்புக்குத் தனிக் கட்டணம் உண்டா?

5. பழுது வந்தால் தமிழில் பேசி உதவ யார் இருக்கிறார்கள்? மலைக்கு வருவார்களா, தொலைபேசியிலேயே முடிப்பார்களா?

6. பில் கடையின் பெயரிலும் ஜி.எஸ்.டி. எண்ணிலும் கிடைக்குமா? வீட்டுப் பெயரில் வாங்கிய பில்லுக்கு உள்ளீட்டு வரி வரவு கிடைக்காது.

7. இலவசம் என்றால், செலவை ஏற்பவர் யார்? மேலே சொன்ன ஐந்தில் எந்த வகை?

இன்னும் ஒரு யோசனை. தனியாகப் போனால் நாம் வீட்டுக்காரர். சங்கமாகப் போனால் ஓட்டல்காரர். ஒரு பகுதியில் இருபது கடைகள் சேர்ந்து ஒரே மென்பொருளை எடுத்தால் விலை பேச இடமுண்டு. பயிற்சிக்கு ஒரு நாள் ஆள் அனுப்பச் சொல்லவும் இடமுண்டு. ஆனால் ஒருவர் உரிமத்தை இருபது பேர் பகிர்ந்துகொள்வது கூட்டுக் கொள்முதல் ஆகாது. அது கள்ளப் பிரதியே. இருபது உரிமம், ஒரு பேரம் என்பதே முறை.

பயிற்சி

இந்த மாதம் முடிவதற்குள் மூன்று காரியம் செய்து பாருங்கள். முதலாவது, கடையில் உள்ள கைப்பேசி, கணிப்பொறி இரண்டிலும் எந்தெந்த மென்பொருள் ஓடுகிறது, ஒவ்வொன்றுக்கும் பணம் கொடுப்பது யார் என்று ஒரு தாளில் எழுதுங்கள். இரண்டாவது, வர வேண்டிய பாக்கி மொத்தம் எவ்வளவு என்று அதே தாளில் எழுதி, அதைக் காப்பாற்ற இப்போது ஆண்டுக்கு எவ்வளவு செலவிடுகிறீர்கள் என்று பக்கத்தில் எழுதுங்கள். மூன்றாவது, நோட்டானாலும் செயலியானாலும் கணக்கின் ஒரு நகலை எடுத்துக் கடைக்கு வெளியே, வீட்டிலோ வேறு பத்திரமான இடத்திலோ வையுங்கள். மாதம் ஒருமுறை இதைச் செய்ய ஒரு பைசா செலவில்லை.

இரண்டாவது வரியில் பாக்கி லட்சங்களிலும் செலவு சைபரிலும் இருந்தால், உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை பேசுங்கள். பணம் கொடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும்போது, வீட்டுச் சட்டைப்பையைத் தொட்டுப் பார்க்காமல் கடைப் பேரேட்டைத் திறந்து பார்க்க வேண்டும் என்பதே நாம் சொல்வது.